குடைக்கடை பாலன் காட்டுக்குப் போனது

நீந்தத் தெரியாதவன் பரிசல் விற்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு ராத்திரிகூடக் காட்டில் தங்கியிராத பாலன், மைசூரில் அக்ரஹாரம் என்கிற பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, காட்டுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் எதை எடுத்துப் போவது, எதைத் தின்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் போனார்கள். போனவர்கள் முழுசாகத் திரும்பியும் வந்தார்கள். அதனால் அவர் பேச்சுக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது.

அவருடையது குடைக்கடை. கம்பி உடைந்த குடையைச் சரிசெய்வது, மழைக்கோட்டு, தார்ப்பாய், டார்ச் லைட்டு விற்பது, இவ்வளவுதான் தொழில். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த அவருடைய அப்பா, சாரத்தில் ஏற முடியாத வயதில் போட்ட கடை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூரில் ஒரு புது வியாதி பரவியது. பாங்கிலும் காலேஜிலும் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், லீவு கிடைத்தால் போதும், மூட்டை கட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பினார்கள். முதலில் தார்ப்பாய் வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். அடுத்து கயிறு கேட்டார்கள். பிறகு முதுகில் மாட்டுகிற பை. பையைப் பாலனின் மனைவி சுலோசனா கித்தான் துணியில் தைத்துக் கொடுத்தாள். மைசூர்க்காரன் முதுகில் பாதி அவள் தைத்த பைதான் என்பார் பாலன். பாதி என்பது கொஞ்சம் அதிகம். ஆனால் அவள் போட்ட தையல் பிரிந்ததாக யாரும் வந்து நின்றதில்லை.

காட்டைப் பற்றிப் பாலன் கற்றுக்கொண்டதெல்லாம் காதால்தான். வாடகைச் சாமான் திரும்பி வரும்போது ஆளைச் சும்மா விட மாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். எது உதவியது? எது சும்மா போய்விட்டுச் சும்மா வந்தது? அட்டை கடித்ததா? அடுப்பு பற்றியதா? ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார். இப்படி எட்டு வருஷம் கேட்டுக் கேட்டு, அவர் மண்டைக்குள் ஒரு பெரிய காடே வளர்ந்துவிட்டது.

"கத்தி ஒண்ணு போதும் சார், ஆனா தேங்கா ஒடைக்கிற கத்தியா இருக்கணும். பென்சில் சீவறது வேணாம். தீக்குச்சி மருந்த மெழுகுல முக்கி வச்சுக்குங்க. சட்டைய விட்டுட்டுப் போனாலும் பரவால்ல, கூட ரெண்டு ஜோடி சாக்ஸ விட்ராதீங்க. அட்டைக்கு உப்பு ஒரு முடிச்சு, பொகையில ஒரு முடிச்சு. திங்கறதுக்கு அவல், வெல்லம், பொட்டுக்கடலை, புளி. அடுப்பு எரியலைன்னாலும் அவல் ஊறும். பேரு தெரியாததை மட்டும் வாயில வைக்காதீங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் தயக்கமே இருக்காது. ஆனால் அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்துவிடும் அவருக்கு. நாம் சொன்னது நிஜம்தானா? எவனோ சொன்னதைக் கேட்டு நாமும் சொல்லி, அதை நம்பி நாலு பேர் போயிருக்கிறார்களே, மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? அந்தத் தார்ப்பாய் கடைக்குத் திரும்பி வரும்வரை அவருக்கு ஒரு வேலையும் ஓடாது. குடைக்கம்பியை மாற்றி மாட்டுவார். இந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

நேரில் போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. அதற்கும் ஆள் இல்லாமல் இல்லை. பாங்கில் வேலை பார்க்கும் ஹேமந்த்தும் அவர் மனைவி ரூபாவும் பாலனின் பழைய வாடிக்கை. வருஷா வருஷம் தசராக் கூட்டம் கலைந்ததும் குடகுக் காட்டுக்குள் போய் இரண்டு ராத்திரி தங்குவார்கள். ஒவ்வொரு வருஷமும் பாலனையும் கூப்பிடுவார்கள். அவரும் வருகிறேன் என்றுதான் சொல்வார். ஒரு வருஷம் வாசலில் பூனை குறுக்கே போயிற்று. அடுத்த வருஷம் காலை வெளியே வைக்கும்போது யாரோ ஒற்றைத் தும்மல் போட்டார்கள். அதற்கடுத்த வருஷம் எதிர்வீட்டு கெம்பம்மா, பாவம், அன்பாகத்தான், "எங்க கெளம்பிட்ட பாலா?" என்று கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் பாலன் வீட்டுக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, சகுனம் சரியில்லை என்று பையை அவிழ்த்துவிட்டார். சகுனமும் அவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடி ஓடி வந்தது.

நாலாவது வருஷம் ரூபா கடை வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

"பாலண்ணா, நீங்க சொல்றதக் கேட்டு நாங்க போறோம். நீங்க சொல்றத நீங்களே நம்பலியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அது பாலனுக்குச் சுருக்கென்று தைத்தது. "இந்த வருஷம் என்ன ஆனாலும் வர்றேன் மேடம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பசவராஜின் ஜீப் வந்து நின்றது. பசவராஜ் ஹேமந்த்தின் சினேகிதர். அவருடைய சொந்தக்காரர் ஒருவருக்குக் காட்டோரத்தில் காப்பித் தோட்டம். வனத்துறை அனுமதியெல்லாம் அந்தத் தோட்டக்காரர் பார்த்துக்கொள்வார். பாலன் வாசலில் இரண்டு பையைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றில் தார்ப்பாய், கயிறு, கத்தி, பாத்திரம், மருந்து, அட்டைக்கான முடிச்சுகள். இன்னொன்றில் நாலு பேருக்கும் மூன்று நாளைக்கான சாப்பாட்டுச் சாமான். அதில் ஒரு சிட்டிகை பெருங்காயம்கூட மறக்கவில்லை.

பூனை வரவில்லை. யாரும் தும்மவில்லை. கெம்பம்மாவை ஆளே காணோம். பாலனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முதல் பையைத் தூக்கி ஜீப்பில் போட்டார், ஹேமந்த் கைகொடுத்து அவரையும் ஏற்றிக்கொண்டார், வண்டி புறப்பட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தபோது சுலோசனா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, இறக்கிக்கொண்டாள்.

ஜீப்பைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, மத்தியானம் முழுக்க நடந்து, வெயில் சாயும் நேரத்துக்கு ஓர் ஓடைக்கரையை அடைந்தார்கள். தார்ப்பாய் கட்டினார்கள். பாலன் முடிச்சுப் போட்ட வேகத்தைப் பார்த்து பசவராஜ் விசில் அடித்தார். பாலனுக்கு உள்ளே குளிர்ந்தது. பரவாயில்லை, கயிறு விஷயத்தில் நாம் சொன்னது சரிதான். பிறகு ரூபா கேட்டாள்.

"பாலண்ணா, சாமான் பை எங்க?"

பாலன் தம் பையைப் பார்த்தார். ஹேமந்த்தின் பையைப் பார்த்தார். பசவராஜின் முதுகைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். இன்னொரு பை எங்கும் இல்லை. அது அக்ரஹாரத்தில், அவர் வீட்டு வாசலில், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் சுலோசனா கையைத் தூக்கி இறக்கினது ஞாபகம் வந்தது. கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போன காரியம் விளங்காது. அவர் வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவள் பையைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்!

"சகுனம் பாக்கறாளாம் சகுனம்!" என்று காட்டைப் பார்த்துக் கத்தினார் பாலன். "நாலு பேரு பட்டினி கெடந்தாலும் பரவால்ல, பின்னாடி கூப்பிட மாட்டாளாம்!"

மற்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனைக்குப் பயந்து மூன்று வருஷம் பையை அவிழ்த்த மனிதர் இவர். ரூபாவால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவள் சிரிக்கவும் பசவராஜும் சிரிக்க, ஹேமந்த்தும் சேர்ந்துகொண்டார். பாலன் மட்டும் சிரிக்கவில்லை.

ரூபாவின் கைப்பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும், ஹேமந்த்தின் சட்டைப்பையில் இரண்டு கடலைமிட்டாயும் இருந்தன. அன்றைய சாப்பாடு அதோடு முடிந்தது.

விடிந்ததும் ஹேமந்த் சொன்னார்: "தோட்டத்துக்குத் திரும்பிடலாம் அண்ணா. மத்தியானத்துக்குள்ள சோறு கெடைச்சுடும். ஒண்ணும் தப்பில்ல."

உண்மையில் தப்பில்லைதான். பாலனின் வயிறும் அதைத்தான் சொன்னது. ஆனால் இப்போது திரும்பிப் போனால், கடையில் உட்கார்ந்து இனி எந்த வாயால் பேசுவது? ஊரார் சிரிப்பதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு நினைக்கவில்லை. தான் சொன்னது நிஜமா என்ற கேள்வி மறுபடி கூடவே வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு தார்ப்பாய்க்குப் பின்னாலும் உட்கார்ந்துகொள்ளுமே, அதை நினைத்தால்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் இருந்து பாக்கலாம் சார்" என்றார். "சாயங்காலத்துக்குள்ள வயித்துக்கு வழி பண்ண முடியலைன்னா, நாளைக்குக் காலையில நானே உங்க பையச் சொமந்துட்டு வர்றேன்."

"என்ன பாலண்ணா, காட்டுல எது திங்கலாம், எது திங்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று பசவராஜ் கேட்டார்.

"காடு தெரியாது. மார்க்கெட் தெரியும்."

பாலனின் வீட்டில் தையல் சுலோசனா, சமையல் பாலன். அவள் காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். பெண்டாட்டி தைக்க, புருஷன் பொங்க என்று தெருவில் கேலி செய்தவர்கள் அவர் வைத்த ரசத்தை ஒருமுறை குடித்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய், ஒவ்வொன்றையும் கிள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கடைக்காரர் முறைத்த பிறகுதான் வாங்குவார். அதனால் அந்தக் காட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்.

"மார்க்கெட்ல கூறு கட்டி விக்காதது எதையும் நாம தொட வேணாம். காளான் வேணாம். செவப்பா அழகா இருக்குற பழம் வேணவே வேணாம்."

முதல் காரியமே கெட்டது. ஓடையோரத்தில் சேப்பங்கிழங்கு இலை யானைக் காது அளவுக்கு வளர்ந்து நின்றது. மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்பதுதான். புளி இல்லாமல் அதைத் தொடக் கூடாதென்று பாலனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள், பாலனுக்குப் புளியும் சேர்ந்து பறந்தது. நன்றாக வெந்தால் சரியாகிவிடும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வேகவைத்தார். நாலு பேரும் ஆளுக்கு ஒரு கவளம் வாயில் போட்டார்கள். அடுத்த நிமிஷம் நாலு தொண்டையும் ஆயிரம் ஊசியால் குத்தினமாதிரி நமைச்சல் எடுக்க, காறிக்கொண்டும் செருமிக்கொண்டும் ஓடையில் போய்க் குனிந்தார்கள்.

"எம்மேலதான் தப்பு. தெரிஞ்சே செஞ்சேன்" என்றார் பாலன், கண்ணில் தண்ணீரோடு. அந்தச் சமயத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது, நமைச்சல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஹேமந்த் ஓடையில் வாயைக் கொப்பளிக்கும்போதே கல்லுக்கடியில் கை விட்டு, உள்ளங்கை அகல நண்டு ஒன்றைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "கெடைச்சாச்சு!" என்று கூவினார். ரூபா நண்டைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள்.

"இன்னைக்குச் சனிக்கிழமை" என்றாள்.

"எனக்கு எல்லாக் கிழமையும் சனிக்கிழமைதான். நாங்க கவிச்சியத் தொடறதே இல்ல" என்றார் பசவராஜ். பாலனும் பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் இருக்கிறவர். மூன்று பேர் பார்க்க ஒருவர் மட்டும் எப்படித் தின்பது? ஹேமந்த் நண்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அது போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடையைப் பிடித்து மேலே போனபோதுதான் பாலனின் கண் திறந்தது. ஒரு வளைவில் காட்டுவாழை கும்பலாக நின்றது. பழம் விதையும் கல்லுமாக இருந்தது, அதை விட்டுவிட்டார். தண்டு வேண்டும் அவருக்கு. தேங்காய்க் கத்தியால் ஒன்றைச் சாய்த்து, பட்டை பட்டையாக உரித்து, உள்ளே வெள்ளை வெளேரென்றிருந்த தண்டை வெட்டி வாசம் பார்த்தார். நாக்கு நுனியில் கொஞ்சம் வைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைத் தண்டேதான். அதற்கு மேலே, யாரோ எப்போதோ கைவிட்டுப் போன கூலிக்காரர் வீட்டின் குட்டிச்சுவர் மீது ஒரு கொடி முழுசாகப் படர்ந்திருந்தது. அதில் பச்சையாகத் தொங்கியதைப் பார்த்ததும் பாலன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"சௌசௌ! பெங்களூர் கத்திரிக்கா! இத எங்க வீட்ல வாரத்துக்கு ரெண்டு நாளு செஞ்சா அவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. இப்ப பாருங்க, சாமி மாதிரி தொங்குது!"

பக்கத்து மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. பசுமிளகு இரண்டு கொத்து பறித்துக்கொண்டார். கீழே இறங்கி வந்து கல் கூட்டி அடுப்புப் பற்றவைத்தார். மெழுகில் முக்கிய குச்சி முதல் உரசலிலேயே பிடித்துக்கொண்டது. தண்டை வட்டமாக நறுக்கி, வருகிற நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, சௌசௌவைத் தோல் சீவிப் போட்டு, மிளகைக் கல்லில் நசுக்கினார். எல்லாம் சரி, உப்பு?

பாலன் அட்டைக்கு வைத்திருந்த உப்பு முடிச்சை அவிழ்த்தார்.

"அய்யோ, அப்புறம் அட்டைக்கு என்ன பண்றது?" என்று பசவராஜ் பதறினார். அவர் காலில் அதற்குள் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

"அட்டைக்குப் பொகையில இருக்கு சார். பொகையிலையக் கூட்டுல போட முடியுமா?"

வாழையிலையில் கொட்டி நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் வாய் யார் வைப்பது என்று ஒரு கணம் யாரும் அசையவில்லை. காலையில் பட்ட தொண்டை ஞாபகம் இருந்தது. பாலன் தாமே எடுத்து வைத்துக்கொண்டார். மென்றார், விழுங்கினார், காத்திருந்தார். எதுவும் குத்தவில்லை. சூடாக, காரமாக, இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்கிற மாதிரி உள்ளே இறங்கியது.

நாலு கையும் சேர்ந்து இலையில் இறங்கின. சட்டி காலியான பிறகுதான் ரூபா நிமிர்ந்தாள். "பாலண்ணா, இது போன வருஷம் நாங்க தின்ன அவலவிட நல்லா இருக்கு" என்றாள். ஹேமந்த் பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நண்டை மன்னித்துவிட்டதாக அறிவித்தார்.

பாலன் ஓடையில் சட்டியைக் கழுவினார். நேற்றுக் காலையிலிருந்து, இல்லை, எட்டு வருஷமாக மார்பில் கனத்துக்கொண்டிருந்தது எப்போது இறங்கியதென்று அவருக்கே தெரியவில்லை. கத்தி நிஜம். தீக்குச்சி நிஜம். பேர் தெரியாததை வாயில் வைக்காதே என்பது நிஜமோ நிஜம். பேர் தெரிந்ததும் புளி இல்லாமல் கடிக்கும் என்று இனிமேல் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்டைச் சுற்றிப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பிடித்தும் இருந்தது. மறுநாள் காலையிலும் அதே கூட்டைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். போகிற வழியில் பசவராஜ் இரண்டு சௌசௌவைத் தம் பெண்டாட்டிக்கென்று மடியில் கட்டிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் ஜீப் அக்ரஹாரத்தில் வந்து நின்றது. சந்தோஷத்தோடு இறங்கிய பாலனுக்கு வாசற்படியைப் பார்த்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது. சுலோசனா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"பையப் பாத்தியா இல்லியா?" என்றார் பாலன்.

"பாத்தேன்."

"பாத்துட்டும் கூப்பிடல. பின்னாடி கூப்பிட்டா காரியம் கெட்டுடும், அதானே? அதுக்காக நாலு பேரச் சோறில்லாமக் காட்டுக்கு அனுப்புவியா நீ?"

"அந்த சாஸ்திரத்த யாருங்க பாத்தா?" என்றாள் சுலோசனா. "கூப்பிட்டிருந்தா நீங்க எறங்கியிருப்பீங்க. எறங்கினா மறுபடி ஏறியிருக்க மாட்டீங்க. வருசா வருசம் பூனை மேல பழியப் போட்டுட்டு, அப்புறம் கடையில உக்காந்து யாருக்கு என்ன ஆச்சோன்னு தவிக்கறத நானும் பாத்துட்டுதானே இருக்கேன்."

இத்தனை வருஷம் பாலன் அது யாருக்கும் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையத் தூக்கிட்டு, எதிர வந்து குடுத்துடலாம்னு பின்சந்து வழியா முக்கு வரைக்கும் ஓடினேன். ஜீப்பு தாண்டிப் போயிருச்சு" என்றாள் அவள். "போனாப் போவுது, சமைக்கத் தெரிஞ்ச மனுசன், எங்க விட்டாலும் பொழச்சுக்குவாருன்னு இருந்துட்டேன். எனக்குத் தெரியும்."

பாலன் மெஷினைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் கிளம்பும்போது ஊசிக்கடியில் இருந்த பை அப்படியே இருந்தது. ஒரு விரற்கடை தையல்கூட ஓடியிருக்கவில்லை.

"தெரியும்னா, இது ஏன் இப்படியே கெடக்குது?"

சுலோசனா துணியில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எடுத்தாள்.

"தெரியறது வேற. பயப்படாம இருக்கறது வேறங்க" என்றாள்.

பாலன் சட்டையைக்கூட மாற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் உலை வைத்தார். அன்றைக்குச் சுலோசனா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.